குட்டி சின்சில்லா: சிறியதாக இருப்பதும் வளராமல் இருப்பதும்

சின்சில்லாக் குட்டி ஒன்று வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, "எலிக்குஞ்சு கணக்கா இருக்கே, இது வளருமா?" என்று வீட்டுப் பெரியவர் யாராவது கேட்டுவிடுவார். வாங்கி வந்தவர் உடனே கைப்பேசியில் தேடுவார். ஓரிடத்தில் வளர்ந்த சின்சில்லாவின் எடை 500 கிராம் என்றும், இன்னோரிடத்தில் 4 கிலோ என்றும் இருக்கும். விற்றவரிடம் கேட்டால் "இது மினி வகை, இவ்வளவுதான் வளரும்" என்பார். பக்கத்து வீட்டார் முந்திரிப்பருப்பு கொடுத்தால் சதை பிடிக்கும் என்பார். ஆளுக்கொன்றாகச் சொல்லும் இவற்றில் எதுவும் கேட்ட கேள்விக்கு விடையாகாது.

குட்டி சிறியதாக இருப்பது ஒன்று, வளராமல் இருப்பது வேறொன்று. முதலாவது பல சமயங்களில் நோயே அல்ல. இரண்டாவது, அநேகமாக எப்போதும், உள்ளே ஏதோ கோளாறு இருப்பதன் அடையாளம். இவ்விரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம். சமையலறை எடைக்கருவியும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் எளிது.

முதலில், எந்தச் சின்சில்லா?

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் முயல் வளர்ப்போர் சின்சில்லா என்று சொன்னால், அது பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்க்கப்படும் சோவியத் சின்சில்லா என்ற முயல் இனமாகவே இருக்கும். அது வளர்ந்தால் 4 கிலோ அளவுக்கு வரும். இந்தக் கட்டுரை பேசுவது அதைப் பற்றியன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில், குளிர்ந்த, வறண்ட பாறைச் சரிவுகளில் வாழும் கொறிவிலங்கைப் பற்றியது. வளர்ந்த பின்னும் அதன் எடை பொதுவாக 400 முதல் 600 கிராம்தான். பெண் விலங்குகளில் சில 800 கிராம் வரை போகும். முயலின் எடை அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு கொறிவிலங்குக் குட்டியைப் பார்த்துக் கவலைப்படுபவரின் சிக்கல், அட்டவணையை மாற்றியவுடன் தீர்ந்துவிடும்.

அடுத்து வயது. சின்சில்லாவின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 111 நாட்கள். உருவத்தில் இவ்வளவு சிறிய விலங்குக்கு இது மிக நீண்ட காலம். அதனால்தான் குட்டி பிறக்கும்போதே உடல் முழுவதும் ரோமத்துடன், திறந்த கண்களுடன், முளைத்த பற்களுடன் பிறக்கிறது. பிறந்த அன்றே தத்தித் திரிகிறது. பிறப்பு எடை ஏறத்தாழ 35 முதல் 60 கிராம். முழு விலங்கின் சாயலில் இருப்பதால், மூன்று வாரக் குட்டியை மூன்று மாதக் குட்டி என்று சொல்லி விற்பது எளிது. வாங்குபவருக்கும் ஐயம் எழாது. 6 முதல் 8 வாரம் வரை தாய்ப்பால் குடித்து, 8 வாரத்தில் ஏறத்தாழ 200 கிராமைத் தொட்டு, அதன்பின் மெதுவாக வளர்ந்து, ஒரு வயதையொட்டியோ அதற்குச் சற்றுப் பின்னரோ முழு எடையை அடைவதுதான் வழக்கமான போக்கு. "மூன்று மாதம் ஆகிறது" என்று தரப்பட்ட குட்டி 130 கிராம்தான் இருக்கிறதென்றால், முதலில் ஐயப்பட வேண்டியது சொல்லப்பட்ட வயதை.

ஆகவே வாங்கும்போதே பிறந்த தேதியை ரசீதில் எழுதி வாங்குவது நல்லது. காட்டுச் சின்சில்லாக்கள் சைட்டீஸ் என்ற பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பவை. வளர்ப்பு வகைக்கு அதில் விலக்கு உண்டு. வளர்ப்பகத்தில் பிறந்தது என்பதற்கான தாள் கையில் இருந்தால், வனத்துறையினர் கேட்டாலும் மருத்துவர் கேட்டாலும் பயன்படும்.

ஒரு புள்ளி போதாது, கோடு வேண்டும்

அங்கன்வாடியில் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பதைப் பெரும்பாலோர் பார்த்திருப்போம். பணியாளர் அந்தப் புள்ளியோடு நிறுத்துவதில்லை. போன மாதப் புள்ளியோடு அதைச் சேர்த்துக் கோடு வரைகிறார். இயல்பிலேயே சிறுத்த குழந்தையின் கோடு கீழே தொடங்கினாலும் மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும். கொழுகொழுவென்றிருக்கும் குழந்தையின் கோடு ஓரிடத்தில் படுத்துவிட்டாலோ இறங்கினாலோ, தோற்றம் எப்படியிருந்தாலும் அந்தத் தாயிடம்தான் முதலில் பேசுவார்கள். சின்சில்லாக் குட்டிக்கும் அளவுகோல் இதுவே. இந்தக் கோட்டை இனி எடைக்கோடு என்று அழைப்போம்.

எடுத்துக்காட்டாக, இரண்டு குட்டிகளை வாரம் ஒருமுறை எடை போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்றின் எடை 210, 222, 236, 249 கிராம் என்று போகிறது. மற்றொன்று 320, 318, 309, 297 என்று போகிறது. நான்காம் வாரம் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், முதலாவதைச் சவலை என்றும் இரண்டாவதை நல்ல வளர்த்தி என்றும் சொல்வார். உண்மை நேர்மாறானது. முதலாவது நன்றாகவே இருக்கிறது. மூன்று குட்டிகள் பிறந்த ஈற்றில் கடைக்குட்டியாக இருக்கலாம், அல்லது அதன் தாயே சிறிய உருவமாக இருக்கலாம். இரண்டாவது மூன்று வாரத்தில் 23 கிராம், அதாவது தன் எடையில் 7 விழுக்காட்டை இழந்திருக்கிறது. வளர வேண்டிய வயதில் எடை நிற்பதே கவனிக்கத்தக்கது. இறங்குவது அதனினும் மோசம்.

புது வீட்டுக்கு வந்த முதல் சில நாட்களில் எடை நிற்பதும், சில கிராம் குறைவதும் உண்டு. இடம், ஓசை, மணம், தீவனம் எல்லாம் ஒரே நாளில் மாறுவதால் குட்டி அஞ்சிக் குறைவாக உண்ணும். ஒரு வாரத்துக்குள் கோடு மீண்டும் மேல்நோக்கித் திரும்ப வேண்டும்.

கண் ஏன் ஏமாறுகிறது

மனிதத் தலையில் ஒரு மயிர்க்காலில் ஓரிரு மயிர்கள் முளைக்கும். சின்சில்லாவுக்கோ ஒரே மயிர்க்காலிலிருந்து 60-க்கும் மேற்பட்ட நுண்மயிர்கள் கற்றையாகக் கிளம்பும். நமக்குத் தெரியும் உருண்டை வடிவத்தில் பெரும்பகுதி இந்த ரோமமும் அதற்குள் அடைபட்ட காற்றும்தான். குட்டி எலும்பும் தோலுமாக மெலிந்தாலும் வெளியே உருண்டையாகவே தெரியும். இதற்கு எதிரான மயக்கமும் நேரும். சின்சில்லா தண்ணீரில் குளிப்பதில்லை. மிக நுண்ணிய எரிமலைத் தூளில் புரண்டு ரோமத்தின் எண்ணெயையும் ஈரத்தையும் போக்கிக்கொள்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம் இந்தத் தூள் குளியல் கிடைக்காவிட்டால், அதுவும் நம் மழைக்கால ஈரக்காற்றில், ரோமம் பிசுபிசுத்து உடலோடு ஒட்டிக்கொள்ளும். குட்டி ஒரே வாரத்தில் பாதியாகிவிட்டதாகத் தோன்றும். (கடற்கரை இவ்வளவு அருகில் இருக்கிறதே என்று மணலை அள்ளி வந்து வைக்கக் கூடாது. அது பருமணல், உப்பும் கலந்தது.)

எனவே எடைக்கருவிதான் வழி. ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுச் சமையலறைத் தராசு போதும். அதன் மேல் ஆழமான பிளாஸ்டிக் டப்பாவை வைத்து, அடியில் ஒரு துணியை விரித்து, அளவைச் சுழியமாக்கிவிட்டுக் குட்டியை உள்ளே விட வேண்டும். தூக்கும்போது ஒரு கையை மார்புக்குக் கீழேயும் மறு கையைப் பின்னங்கால்களுக்குக் கீழேயும் கொடுத்துத் தாங்க வேண்டும். ரோமத்தைப் பற்றி இழுத்தால் ஒரு கொத்து அப்படியே கையோடு வந்துவிடும். வேட்டை விலங்கின் பிடியிலிருந்து தப்புவதற்காக இயற்கை அதற்குத் தந்திருக்கும் உத்தி அது. விலங்குக்குக் காயமில்லை என்றாலும் வழுக்கையான இடத்தில் ரோமம் வளர மாதங்கள் ஆகும். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், மாலைத் தீவனத்துக்கு முன் எடை போடுவது நல்லது. கையில் இருக்கும்போதே முதுகெலும்பின் மேல் விரலை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். எலும்பு தட்டுப்பட்டு, அதன் மேல் மெல்லிய சதை இருந்தால் சரி. ஒவ்வொரு கணுவும் கூர்மையாகக் குத்தினால் குட்டி மெலிந்திருக்கிறது.

இதுவரை சொன்னதன் சுருக்கம் இது: சரியான விலங்கின் அட்டவணையையும் சரியான வயதையும் வைத்துக்கொண்டு, தோற்றத்தை நம்பாமல், வாராந்தர எடைக்கோட்டைப் பார்க்க வேண்டும். கோடு ஏறினால் சிறிய உருவம் கவலைக்குரியதன்று. ஏறாவிட்டால் ஏன் என்று தேட வேண்டும்.

கோடு ஏன் படுக்கிறது: பல்லும் குடலும்

காரணங்கள் பல என்றாலும், அதிகம் நேர்வதும் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்படுவதும் பல்லில் தொடங்குகிறது. சின்சில்லாவுக்கு 20 பற்கள்: முன்னே நான்கு வெட்டுப்பற்கள், பின்னே பதினாறு கடைவாய்ப்பற்கள். இந்த இருபதும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். வளர்வது தேய்ந்தாக வேண்டும். தேய்ப்பது நார் நிறைந்த உலர்புல். ஒரு வாய் உலர்புல்லை அது பக்கவாட்டில் பலமுறை அரைத்த பிறகே விழுங்கும். அழுத்திய தீவனக் குச்சி, அதாவது பெல்லட், இரண்டு மூன்று கடியில் தூளாகிவிடும். பெல்லட்டையும் பருப்பையும் மட்டுமே தின்று வளரும் குட்டியின் கடைவாய்ப்பற்கள் போதிய தேய்மானமின்றி நீண்டு, ஒன்றோடொன்று பொருந்தாமல், ஓரங்களில் முள்போல் நீட்டிக்கொள்ளும். இதுவே பல் பொருந்தாமை. பரம்பரையாகவும் இது வருவதுண்டு. அந்த முள் நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் கிழிக்கும். குட்டிக்குப் பசி இருக்கும், கிண்ணத்துக்கு ஓடி வரும், ஒன்றைக் கவ்வும், பிறகு கீழே போட்டுவிடும். மோவாயும் கழுத்தின் அடிப்பகுதியும் எச்சிலால் நனைந்திருக்கும். வெட்டுப்பற்களை மட்டும் பார்த்துவிட்டுப் பல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. கடைவாயைக் கருவியின்றிப் பார்க்கவே முடியாது. இன்னொன்று: அந்த வெட்டுப்பற்கள் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் இருப்பதே இயல்பு. அதைப் பற்சொத்தை என்று எண்ணி அஞ்ச வேண்டாம்.

பல்லுக்கு அடுத்தது குடல். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் சின்சில்லாவுக்குப் பெரிய பை ஒன்று உண்டு; அதற்குச் சீக்கம் என்று பெயர். கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் அங்கே குடியிருந்து, விலங்கால் தானாகச் செரிக்க முடியாத நாரைப் புளிக்கவைத்து ஊட்டமாக மாற்றித் தருகின்றன. அந்த ஊட்டத்தில் ஒரு பகுதி மென்மையான புழுக்கையாக வெளிவரும். விலங்கு அதை உடனே வாயால் எடுத்து மீண்டும் உண்ணும். பார்ப்பவர் முகம் சுளித்தாலும் அது தேவையான பழக்கம்தான். நார் தொடர்ந்து உள்ளே வந்தால்தான் குடல் அசைந்துகொண்டிருக்கும். வரத்து நின்றால் குடலின் அசைவு தளர்ந்து நிற்கும். இதுவே குடல் தேக்கம். தேங்கிய உணவில் வாயு சேரும், வயிறு வலிக்கும், வலியால் குட்டி உண்ணாது, உண்ணாததால் குடல் மேலும் நிற்கும். சின்சில்லாவால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் உள்ளே போன எதுவும் மேல்வழியாக வெளியேறாது. பெரிய விலங்குக்கே இது ஆபத்து. உடலில் சேமிப்பே இல்லாத 200 கிராம் குட்டிக்கு ஒரு நாள் பட்டினி பெரும் கெடுதலில் முடியலாம்.

இதைப் புரிந்துகொண்டால், சதை பிடிக்கட்டும் என்று கொடுப்பவை ஏன் கெடுதல் என்பதும் விளங்கும். முந்திரி, வேர்க்கடலை, தேங்காய்ச் சில்லு ஆகியவை கொழுப்பு. மட்டிப்பழமும் பலாச்சுளையும் கருப்பட்டியும் சர்க்கரை. நேந்திரங்காய் வறுவலில் மாவுச்சத்தும் எண்ணெயும் உப்பும் சேர்ந்திருக்கின்றன. சீக்கத்தில் நாரைப் புளிக்கவைக்கும் உயிரிகளுக்கு இவை உணவல்ல. வாயுவை உண்டாக்கும் உயிரிகளுக்குத்தான் விருந்து. பசும்பாலும் ராகிக்கூழும் இதே கணக்கில்தான் சேரும். வளரும் குட்டிக்குக் கூடுதல் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் தேவை என்பது உண்மையே. அதற்கு உலர்ந்த குதிரைமசாலை உலர்புல்லோடு கொஞ்சம் கலந்து கொடுக்கலாம். வளர்ச்சி முடிந்ததும் நிறுத்திவிடலாம். அடிப்படை உணவு எந்நேரமும் கிண்ணியில் இருக்கும் டிமோத்தி போன்ற உலர்புல்தான். பெல்லட் நாளுக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி போதும். வைக்கோல் பல்லைத் தேய்க்கும், ஆனால் அதில் ஊட்டம் மிகக் குறைவு. அதை நம்பிக் குட்டியை வளர்க்க முடியாது. நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால் திறந்த பையில் வைத்த உலர்புல் விரைவில் பூசணம் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பார்த்துப் போடுவது நல்லது. மக்கல் வாடை வந்தால் விலையைப் பார்க்காமல் கொட்டிவிட வேண்டும்.

கோடு ஏன் படுக்கிறது: வெப்பம்

இனி இந்த மாவட்டத்துக்கே உரிய சிக்கல். சின்சில்லாவுக்கு உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 22 டிகிரி செல்சியஸ். 27, 28 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. காற்றில் ஈரம் கூடினால் அதற்கும் முன்பே தொடங்கும். நாகர்கோவிலிலோ குளச்சலிலோ பகல் வெப்பம் ஆண்டின் பல மாதங்களில் 30 டிகிரியைத் தொடுகிறது. கடற்காற்றில் ஈரத்துக்கும் பஞ்சமில்லை.

மின்விசிறி போட்டிருக்கிறோமே என்று சொல்வார்கள். விசிறி நமக்குக் குளிர்ச்சி தருவது நம் வியர்வையை ஆவியாக்குவதால்தான். சின்சில்லாவுக்கு வியர்க்காது, அடர்ந்த ரோமத்துக்குள் காற்றும் புகாது. விசிறியின் கீழ் அதற்குக் கிடைப்பது அதே வெப்பமான காற்றுதான். தன் உடல் வெப்பத்தை வெளியேற்ற அதற்கிருக்கும் முக்கியமான வழி, ரோமம் குறைந்த அந்தப் பெரிய காதுகள். காது சிவந்து சூடேறியிருந்தால் உடல் திணறுகிறது என்று பொருள். செரிமானமும் வெப்பத்தை உண்டாக்கும் வேலை என்பதால், வெப்பத்தில் இருக்கும் குட்டி உணவைக் குறைத்துக்கொள்ளும். மயங்கி விழும் அளவுக்கு வெப்பம் ஏறாவிட்டாலும், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவாக உண்பதால் மட்டுமே எடைக்கோடு படுத்துவிடும். வேறு நோய் எதுவும் தென்படாமல் கோடு நிற்கும்போது கூண்டருகே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய ஓட்டு வீட்டின் தரைத்தள அறை, காங்கிரீட் மாடியறையைவிட நல்லது. அதுவும் இடைக்காலத் தீர்வே. குளிர்சாதனமும் மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் இல்லாத வீட்டில், இந்த மாவட்டத்தில், சின்சில்லா வாங்காமல் இருப்பதே முறை என்பது என் கருத்து. ஏற்கெனவே வாங்கியவர்கள் கூண்டுக்குள் டைல்ஸ் துண்டோ கிரானைட் துண்டோ போட்டு வைத்தால் அது அதன் மேல் படுத்துக் குளிர்ந்துகொள்ளும். உறைந்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிக் கூண்டோடு ஒட்டி வெளியே வைக்கலாம். ரப்பர் ஷீட் புகையிடும் புரை அருகில் உள்ள வீடுகளில் கூண்டைப் புகை வராத பக்கத்துக்கு மாற்ற வேண்டும்.

மற்றவை

ஆறு வாரத்துக்கு முன்பே தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டி, பால் போதாமல் தளர்ந்துபோகும். அதற்குப் பால் ஊட்டும் முறையை மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும், ஏனெனில் ஊசிக்குழாயால் வேகமாக ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். ஜியார்டியா போன்ற குடல் ஒட்டுண்ணிகள் தண்ணீர் வழியாக வரும். புழுக்கை இளகுவது அதன் அடையாளம். கொதித்து ஆறிய நீர் கொடுப்பது நல்லது. இரண்டு குட்டிகள் ஒரே கூண்டில் இருந்தால் வலியது மெலியதைக் கிண்ணத்தை அண்டவிடாது. இரண்டு கிண்ணம் வைத்தால் போதும். அண்ணனும் தங்கையுமாக ஒரு ஜோடியை வாங்கியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: சில குட்டிகள் மூன்று மாதத்திலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். பெண் குட்டியின் எடைக்கோடு திடீரென்று செங்குத்தாக ஏறினால் அது மகிழ வேண்டிய செய்தியாக இல்லாமல் போகலாம். தானே வளர்ந்து முடியாத உடலில் கர்ப்பம் தங்கினால் தாயின் வளர்ச்சி நின்றுபோகும்.

பகல் முழுவதும் தூங்குவது நோயன்று. சின்சில்லா அந்தியிலும் இரவிலும்தான் நடமாடும்.

எப்போது காத்திருக்கக் கூடாது

எடை ஒரு வாரம் நின்றால் உணவையும் வெப்பத்தையும் சரிபார்த்து, இன்னொரு வாரம் பார்க்கலாம். முன்பிருந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 300 கிராம் இருந்த குட்டி 270-க்கு வந்தால், காத்திருக்கக் கூடாது. எடையைப் பார்க்கவே நேரமில்லாத அடையாளங்களும் உண்டு. காலையில் கூண்டின் தட்டில் வழக்கமாக நூற்றுக்கும் மேல் கிடக்கும் கருத்த, உலர்ந்த புழுக்கைகள் அன்று விரல்விட்டு எண்ணும்படி சிறுத்துக் கிடப்பது, இரவு முழுவதும் உலர்புல் தொடப்படாமல் இருப்பது, வயிறு உப்பி இறுகியிருப்பது, மோவாய் நனைந்திருப்பது, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்து வாயால் மூச்சு விடுவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

போவதற்கு முன் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்காமல் இருப்பது மிக முக்கியம். குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் மருந்து மிச்சமிருக்கிறதே என்று இரண்டு சொட்டு ஊற்றுவது கொல்லக்கூடியது. வாய்வழியாகக் கொடுக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளின்டமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் சீக்கத்தின் நல்ல உயிரிகளை அழித்துவிடும். அந்த இடத்தில் நச்சை உமிழும் கிளாஸ்டிரிடியம் வகை உயிரிகள் பெருகிவிடும். நாய்க்கும் மாட்டுக்கும் அன்றாடம் தரப்படும் மருந்துகளில் சில இதற்கு ஆகாதவை என்பதால், மருத்துவரிடமும் இது சீக்கத்தால் செரிக்கும் விலங்கு, முயலையும் கினிப்பன்றியையும் போன்றது, என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நம் ஊர்க் கால்நடை மருத்துவமனைகளுக்கு வருபவை பெரும்பாலும் மாடும் ஆடும் கோழியும் நாயும்தான். சிறு விலங்குகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்பதைக் குட்டி நலமாக இருக்கும்போதே தொலைபேசியில் விசாரித்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; மாவட்டத்தின் மேற்குப் பகுதியினருக்குத் திருவனந்தபுரம் பக்கம். எங்கே போவதானாலும் எடை எழுதிய நோட்டு, அன்றைய புழுக்கைகள் சில ஒரு சிறு டப்பாவில், தின்னும் தீவனத்தில் ஒரு பிடி, உண்ணத் தடுமாறுவதைக் காட்டும் ஒரு கைப்பேசிக் காணொளி ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். மருத்துவமனை மேசையில் அஞ்சி ஒடுங்கும் குட்டி வீட்டில் காட்டும் அடையாளங்களை அங்கே காட்டாது. பயணத்தை விடியற்காலையில் வைத்துக்கொள்வதும், மூடிய பெட்டிக்குள் உலர்புல்லும் துணி சுற்றிய குளிர்ந்த புட்டியும் வைப்பதும் கட்டாயம்; நண்பகல் வெயிலில் ஆட்டோவில் போனால், பல் வலிக்காகக் கொண்டுபோன குட்டியை வெப்பத்தாக்கத்துக்கு மருத்துவம் பார்க்க வேண்டிவரும்.